பட்டியலில் அடங்காத மனிதர்

கேள்வி: எனக்கு வயது 38. நானும் என் கணவரும் காதலித்து மணந்துகொண்டவர்கள். 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கடுமையான நோய் வந்தது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் ஆள் பழையபடி ஆகவில்லை. வாய் ஓயாமல் பேசுபவர், எதையும் சிரிப்பாக்கிவிடுபவர், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். போன மாதம் ஒரு நாள் இரவு, "உனக்கு என்னை ஏன் பிடிக்கும்?" என்று கேட்டார். உங்கள் நகைச்சுவை, துணிச்சல், புதிதாக எதையாவது கற்றுக்கொண்டே இருக்கும் ஆர்வம் என்று அடுக்கினேன். சற்று நேரம் கழித்து, "நீ சொல்ற ஆள் இப்போ இங்க இல்லையே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குணங்களுக்காகத்தான் காதலித்தேன் என்றால் இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது என்ன? பழக்கமா, பரிதாபமா, கடமையா? இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் அப்படி இருந்தபோது நானும் கலகலப்பானவளாக இருந்தேன். இப்போது அந்த நானும் இல்லை. நான் காதலித்தது அவரையா, அவர் பக்கத்தில் இருந்த என்னையா? இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா? சொன்னால் உடைந்துபோவாரா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடியும். ஆனால் மற்றவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் பதில் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். நான் தத்துவம் படித்துவிட்டு ஆலோசனைத் தொழிலுக்கு வந்தவன். அதனால் சில பழைய ஆட்களைத் துணைக்கு அழைப்பேன். உங்கள் கணவர் அன்றிரவு கேட்டதோடு அவர்கள் வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பாஸ்கல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். கணிதத்தில் மேதை, 1662இல், 39 வயதில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன துண்டுக் குறிப்புகளைத் திரட்டி 1670இல் நூலாக வெளியிட்டார்கள். அவர் எழுதிவைத்த குறிப்புகளில் ஒன்று உங்கள் வீட்டில் நடந்த உரையாடலைப் போலவே இருக்கும். ஒருவர் ஒருத்தியை அவள் அழகுக்காக நேசிக்கிறார் என்றால், அவர் நேசிப்பது அவளையா? இல்லை என்கிறார் பாஸ்கல். பெரியம்மை வந்து ஆளை விட்டுவிட்டு அழகை மட்டும் கொண்டுபோனால், அந்த நேசமும் கூடவே போய்விடும். சரி, என் அறிவுக்காகவோ நினைவாற்றலுக்காகவோ ஒருவர் என்னை நேசித்தால்? அதுவும் என்னை அல்ல. அவற்றை இழந்த பிறகும் நான் இருப்பேனே. அப்படியானால் உடம்பிலும் இல்லாமல் மனத்திலும் இல்லாமல் இந்த 'நான்' எங்கேதான் இருக்கிறது? பாஸ்கல் வந்து சேரும் முடிவு கசப்பானது: நாம் ஒருபோதும் ஆளை நேசிப்பதில்லை, குணங்களைத்தான் நேசிக்கிறோம்.

நோயிலிருந்து எழுந்த ஒருவர், படிப்பு எதுவும் இல்லாமலே, இதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். "நீ சொல்ற ஆள் இங்க இல்லையே" என்ற வாக்கியத்தை நான் குற்றச்சாட்டாக வாசிக்கவில்லை. தன்னிடமிருந்து என்னென்ன போய்விட்டன என்று அவர் ஏற்கெனவே எண்ணிப் பார்த்துவிட்டார். போன பிறகும் தனக்கு உங்களிடம் இடம் இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்டது. நீங்கள் காரணங்களைச் சொன்னீர்கள். அவர் தேடியது காரணம் அல்ல, கணக்குத் தீர்ந்த பிறகும் மிச்சம் ஏதாவது உண்டா என்பது.

பாஸ்கலின் முடிவை நான் ஏற்பதில்லை. அவர் வாதம் ஒரு நினைப்பின் மேல் நிற்கிறது: குணங்களெல்லாம் வெளியே போர்த்தியவை, அவற்றைக் கழற்றிவிட்டால் உள்ளே குணமே இல்லாத ஒரு சுத்தமான 'நான்' இருக்க வேண்டும், அதைத்தான் காதலிக்க வேண்டும் என்று. அப்படி ஒரு ஆளை யாரும் சந்தித்ததில்லை. நீங்கள் நகைச்சுவை என்று சொன்னது பொதுவான சரக்கா? அதே அளவு நகைச்சுவை உள்ள வேறொருவர் உங்களை எரிச்சலூட்டக்கூடும். அவர் எதைப் பார்த்துச் சிரித்தார், எப்போது சிரிக்காமல் விட்டார், யாரைக் கேலி செய்ய மறுத்தார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. 'நகைச்சுவை' என்று ஒரு சொல்லில் அடக்கிய உடனேயே அதிலிருந்து அவரைக் கழித்துவிட்டோம். பிறகு பட்டியலில் அவரைக் காணோமே என்று திகைக்கிறோம்.

குணங்களைத்தான் காதலிக்கிறோம் என்று எடுத்துக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாஸ்கலுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிளேட்டோ காட்டிவிட்டார். அவருடைய 'விருந்து' என்ற உரையாடல் நூலில் டியோட்டிமா என்ற பெண் சொன்னதாக சாக்ரடீஸ் ஒரு படிக்கட்டை விவரிக்கிறார். ஒரு அழகிய உடலைக் காதலிப்பவன், அந்த அழகு எல்லா அழகிய உடல்களிலும் இருப்பதைக் காண வேண்டும். அங்கிருந்து உள்ளத்தின் அழகுக்கும், அறிவின் அழகுக்கும், கடைசியில் அழகு என்பதற்கே ஏற வேண்டும். கம்பீரமான பார்வை, மறுக்கவில்லை. ஆனால் முதல் படியில் நின்ற மனிதர் என்ன ஆனார்? அவரை மிதித்துத்தானே மேலே போனோம்? கிரிகரி விளாஸ்டோஸ் என்ற அறிஞர் 1973இல் இதைத்தான் குறையாகச் சொன்னார்: பிளேட்டோவின் காதலில் ஒரு தனி மனிதர், முழுதாக, தன் குறைகளோடு நேசிக்கப்படுவதற்கு இடமே இல்லை. பட்டியலை நம்பினால், அதைவிட நீளமான பட்டியலோடு ஒருவர் வந்தால் மாறிக்கொள்வதுதான் நியாயம் என்றாகிவிடும். நீங்கள் அப்படி மாறிக்கொள்ளவில்லை. அந்த எண்ணமே உங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆகவே பட்டியல்தான் காரணம் என்பதை உங்கள் நடத்தையே பொய்யாக்கிவிட்டது.

அப்படியானால் காரணமே கிடையாதா?

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மான்டேய்ன் இந்த இடத்தில் சுவையானவர். அவருடைய உயிர் நண்பர் லா போயெத்தி 1563இல் இறந்தபோது மான்டேய்னுக்கு வயது 30. நட்பைப் பற்றிய கட்டுரையை 1580இல் அச்சிட்டபோது, அவனை ஏன் நேசித்தேன் என்று வற்புறுத்திக் கேட்டால் அதைச் சொல்ல முடியாது என்றுதான் எழுதியிருந்தார். பிறகு தன் சொந்தப் பிரதியின் ஓரத்தில் ஒரு பதிலைச் சேர்த்தார்: "ஏனென்றால் அவன் அவனாக இருந்தான்." அதன்பின் வேறு மையில், வேறு ஒரு சமயம், தொடர்ச்சி: "நான் நானாக இருந்தேன்." பக்கம் பக்கமாக எழுதக்கூடிய ஒருவருக்கு இந்த இரண்டு சிறிய வாக்கியங்களை எழுத இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு இரவில் பதில் வரவில்லை என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதோடு இன்னொன்று: அவர் முதலில் நண்பரைப் பற்றி மட்டும்தான் எழுதினார். தன்னைப் பற்றிய பாதி பின்னால்தான் வந்தது. உங்களுடைய இரண்டாவது உறுத்தலுக்கு இது பயன்படும், பிறகு வருகிறேன்.

நம் காலத்தில் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2004இல் இதை ஒரு கோட்பாடாகவே வைத்தார். ஒருவர் மதிப்புள்ளவர் என்பதால் நேசிப்பதில்லை. நேசிப்பதால்தான் அவர் நமக்கு மதிப்புள்ளவர் ஆகிறார் என்பது அவர் வாதம். அவர் காட்டும் தெளிவான உதாரணம், பெற்றோர் பிள்ளைகள் மேல் வைக்கும் பாசம். பிறந்த குழந்தையின் குணநலன்களை ஆராய்ந்துவிட்டு யாரும் அதை நேசிக்கத் தொடங்குவதில்லை. ஆனால் ஆண் பெண் காதலை அவரே தன் முன்மாதிரியாக வைக்க மறுத்துவிட்டார். அதில் வேறு பல உணர்ச்சிகள் கலந்து குழப்பும் என்று. அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் குறை உண்டு. நாம் ஆலோசனை கேட்டு வருவதே அந்தக் குழப்பத்தோடுதானே?

எனக்குச் சரியென்று படுவது நிக்கோ கொலொட்னி என்ற தத்துவ அறிஞர் 2003இல் முன்வைத்த பதில். காதலுக்குக் காரணம் உண்டு, ஆனால் அது அவருடைய குணங்களில் இல்லை; உங்கள் இருவருக்கும் இடையே இருக்கும் உறவே அந்தக் காரணம் என்கிறார் அவர். நீங்கள் சேர்ந்து கடந்த காலம், ஒருவருக்காக ஒருவர் செய்தவை, சொல்லாமலே புரிந்துகொண்டவை. நாளைக்கே உங்கள் பழைய கணவரைப் போல அச்சு அசலாக, அதே சிரிப்போடும் துணிச்சலோடும், ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் பட்டியலில் உள்ள எல்லாம் இருக்கும். உங்களோடு 11 ஆண்டுகள் வாழ்ந்தது மட்டும் இருக்காது. மருத்துவமனையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், பேச்சுக் குறைந்து இப்போது உங்கள் பக்கத்து அறையில் இருக்கும் இந்த மனிதர்தான்.

இதில் ஒரு அபாயம் இருக்கிறது. சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதை வேறு நிலையில் இருப்பவர்களும் படிப்பார்கள். சேர்ந்து வாழ்ந்த காலமே காரணம் என்றால், அடிபட்டும் அவமானப்பட்டும் இத்தனை ஆண்டுகள் கழித்தவர்கள் அதனாலேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நேசிப்பதற்கான காரணம் வேறு, கூடி வாழ்வதற்கான காரணம் வேறு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். அப்போது விலகுவது துரோகம் ஆகாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதன் சாயலும் இல்லை. மாறிப்போன ஒருவர் இருக்கிறார், கெட்டுப்போன ஒருவர் இல்லை.

இந்த வேறுபாட்டை அரிஸ்டாட்டில் கவனித்திருக்கிறார். நட்பைப் பற்றி அவர் ஒழுக்கவியல் நூலில் இரண்டு முழுப் பகுதிகளை ஒதுக்கினார்; கணவன் மனைவி உறவும் அவருக்கு அதில் அடங்கும். நண்பர் மாறிவிட்டால் என்ன செய்வது என்று நேராகவே கேட்கிறார். பயனுக்காகவோ இன்பத்துக்காகவோ மட்டும் பழகியவர்கள், அவை போனதும் பிரிவதில் வியப்பில்லை. நல்லவர் என்று எண்ணிப் பழகியவர் திருத்தவே முடியாதபடி தீயவராகிவிட்டால் விலகலாம். ஆனால் திருந்த வழியிருந்தால், பணமுடையில் உதவுவதைவிட அதிகமாக அங்கே உதவ வேண்டும் என்கிறார். அவரவர் வேறு வேறு திசையில் வளர்ந்துவிட்ட நிலையிலும், முன்னாளில் நண்பராயிருந்ததற்காக ஏதோ ஒன்று அவருக்கு உரியது என்று முடிக்கிறார். அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு என்று அளந்து சொல்லாமல் விட்டது அவருடைய நேர்மை.

இனி உங்கள் மூன்று சொற்கள். பழக்கம், பரிதாபம், கடமை. மூன்றையும் காதலின் எதிரிகளைப் போல வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

பழக்கத்தை அப்படி நிறுத்துவது நியாயமில்லை. அரிஸ்டாட்டிலே பிடித்துப்போவதை ஒரு உணர்ச்சி என்றும், நட்பை மனத்தில் படிந்து நிலைத்துவிட்ட ஒரு தன்மை என்றும் பிரித்தார். படிந்தது கண்ணுக்குத் தெரியாது. தினமும் பொங்கிக்கொண்டும் இருக்காது. அவர் இருமினால் நீங்கள் காரணம் யோசிக்காமல் எழுந்து போகிறீர்கள் என்றால், அங்கே காதல் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

கடமை பற்றி ஒரு வரி போதும். உணர்ச்சியை யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, அன்பாக நடந்துகொள்வதை மட்டுமே கட்டளையாக ஏற்க முடியும் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதினார்; உணர்ச்சி வறண்ட நாட்களில் அந்த இரண்டாவது வகைதான் வீட்டைத் தாங்குகிறது, அதில் இழிவு எதுவும் இல்லை.

பரிதாபம்தான் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது. பரிதாபம் மேலேயிருந்து பார்க்கும். அது எவ்வளவு கனிவாக இருந்தாலும், பார்க்கப்படுபவருக்குத் தன் உயரம் குறைந்துவிட்டது தெரிந்துவிடும். உங்களிடம் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உள்ளத்தைக் குடைய வேண்டாம். சில நடைமுறைக் கேள்விகள் போதும். கடைசியாக அவரிடம் எப்போது கோபப்பட்டீர்கள்? உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது அவரிடம் போய்ச் சொன்னீர்களா, இல்லை 'அவரே பாவம்' என்று விழுங்கிவிட்டீர்களா? ஒரு முடிவெடுக்க அவர் கருத்தைக் கேட்டீர்களா? என்னிடம் வரும் தம்பதிகளில் ஒருவர் நோயாளியாக இருந்து தேறிய பின், மற்றவர் சண்டை போடுவதையே நிறுத்திவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தேறியவர் தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறார். பிறகு எதற்குப் பேச வேண்டும், எதற்குச் சிரிக்கவைக்க வேண்டும்? இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் பேச்சு குறைந்ததில் நோய்க்குப் பாதிப் பங்கு, உங்கள் அதீத ஜாக்கிரதைக்குக் கொஞ்சம் பங்கு இருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. நான் உங்கள் வீட்டில் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது உங்கள் உறுத்தல். காதலித்தது அவரையா, அவர் பக்கத்தில் இருந்த உங்களையா?

இரண்டையும் என்றுதான் நினைக்கிறேன், அதில் குற்றமும் இல்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறம் விட்டுக் கிளம்பும்போது மனைவி மைத்ரேயியிடம் சொல்லும் பேச்சு பலரைத் திடுக்கிட வைக்கும்: கணவனுக்காகக் கணவன் பிரியமானவன் ஆவதில்லை, ஆத்மாவுக்காகவே பிரியமானவன் ஆகிறான், மனைவிக்காக மனைவி பிரியமானவள் ஆவதில்லை, ஆத்மாவுக்காகவே. இதை 'எல்லாம் சுயநலம்தான்' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே பேசப்படும் ஆத்மா ஒருவரின் தனிச் சொத்தான 'நான்' அல்ல என்பதை அந்த அத்தியாயத்தை முழுதாகப் படித்தால் காணலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு. கிளம்பிப் போகும் ஒருவர் மனைவியிடம் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வருகிறார். அவள், அது எனக்கு எதற்கு, உமக்குத் தெரிந்ததைச் சொல்லும் என்கிறாள். இந்தக் கேள்வி ஒரு கணவன் மனைவி உரையாடலாக, பிரிவின் வாசலில் வந்திருக்கிறது.

உளவியலிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1999இல் ஸ்டீஃபன் டிரிகோட்டாஸ், கேரில் ரஸ்பல்ட் முதலானோர் தம்பதிகளிடம் செய்த ஆய்வுகளில், துணைவர் நம்மை எப்படிப் பார்த்து எப்படி நடத்துகிறாரோ அதற்கேற்ப நாம் விரும்பும் நம்மை நோக்கி நகர்கிறோம் என்று கண்டார்கள். கல்லுக்குள் இருக்கும் உருவத்தை விடுவிப்பதே சிற்பியின் வேலை என்ற மைக்கலாஞ்சலோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அப்படிப் பார்த்தால், கலகலப்பான உங்களை அவர் வெளியே கொண்டுவந்தார். அவரைக் காதலித்தபோது அந்த உங்களையும் காதலித்தீர்கள். மான்டேய்னும் தன் பதிலின் இரண்டாம் பாதியை எழுதாமல் நிறைவடையவில்லை.

ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் இழந்தது இரண்டு பேரை. ஒருவருக்கு எல்லோரும் நலம் விசாரித்தார்கள். இன்னொருவரை, அதாவது அந்தக் கலகலப்பான பெண்ணை, யாரும் விசாரிக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் குற்ற உணர்வு என்று தெரிவது பெரும்பகுதி துக்கம்தான் என்பது என் கணிப்பு. துக்கத்தைக் குற்றமாக எண்ணி விசாரணை நடத்தினால் தீர்ப்பு வராது, களைப்புதான் வரும்.

ஆனால் ஒன்று. அந்தப் பெண்ணைத் திருப்பித் தரும் பொறுப்பை அவர் தலையில் வைக்காதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வா 1949இல் எழுதிய நூலில் காதலிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கடுமையான அத்தியாயம் உண்டு: தன் இருப்பின் நியாயத்தையே ஒரு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் சாதாரண மனிதனாக நடந்துகொள்ளும்போது ஏமாந்து நிற்பவளைப் பற்றி. இரண்டு சுதந்திரமான மனிதர்கள் ஒருவரையொருவர் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் மெய்யான காதல் என்பது அவர் வாதம். அவருடைய உதாரணங்கள் எல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. இது பொருந்தும்: உங்கள் சிரிப்பு அவர் தயவில் மட்டும் இருந்ததா? அவரைச் சந்திப்பதற்கு முன் உங்களைச் சிரிக்கவைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களோடு பேசுங்கள். அவர் தெம்பில்லாமல் இருக்கும்போது நாம் சிரிப்பதா என்று தயங்கித்தான் விட்டிருப்பீர்கள். அந்தத் தயக்கம் அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

இனி, இப்போதைய மனிதரை எப்படிப் பார்ப்பது? ஐரிஸ் மர்டாக் என்ற தத்துவ அறிஞர் 1960களில் சொன்ன ஒரு உதாரணம் நமக்கு நன்றாகவே புரியும். ஒரு மாமியார், ஒரு மருமகள். மருமகள் நல்லவள்தான், ஆனால் நாசூக்கு போதாது, சத்தம், சிறுபிள்ளைத்தனம் என்று மாமியாருக்கு மனக்குறை. வெளியே அதைத் துளியும் காட்டுவதில்லை, மரியாதையாகவே நடந்துகொள்கிறாள். காலம் போகிறது. ஒரு கட்டத்தில் மாமியார் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்: நான் பழைய காலத்து ஆள், எனக்குப் பொறாமையும் உண்டு, இன்னொரு முறை பார்க்கிறேன். மறுபடி பார்க்கும்போது, நாசூக்கில்லாதவள் என்று தோன்றியவள் ஒளிவுமறைவில்லாதவளாகத் தெரிகிறாள். சத்தம் என்றது உற்சாகமாக, சிறுபிள்ளைத்தனம் என்றது இளமையாக. வெளியில் எந்த நடத்தையும் மாறவில்லை. மாறியது பார்வை மட்டும். அதை ஒரு பெரிய ஒழுக்கச் செயல் என்கிறார் மர்டாக்.

இதைப் படித்துவிட்டு, 'பேசாதவர்' என்பதை 'ஆழமானவர்' என்று மாற்றிப் பெயர் சூட்டிக்கொண்டால் அது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. அந்த மாமியார் முதலில் தன் பொறாமையைத்தான் பெயர் சொல்லி விலக்கினாள். அதன் பிறகே பார்த்தாள். நீங்கள் விலக்க வேண்டியது பழைய மனிதரோடு ஒப்பிடுவதை. ஒப்பீடு இருக்கும்வரை இப்போதைய மனிதர் ஒரு குறைபாடாக மட்டுமே தெரிவார். அவர் இப்போது எதைக் கவனிக்கிறார்? எதற்கு எரிச்சல் படுகிறார்? சாவைப் பக்கத்தில் பார்த்த ஒருவருக்கு எது அற்பமாகிவிட்டது, எது முக்கியமாகிவிட்டது? உங்களுக்குத் தெரியுமா? 11 ஆண்டுகளில் ஆள் முழுதாகத் தெரிந்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தால் இந்தக் கேள்விகள் எழவே எழாது.

அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்
செறிதோறும் சேயிழை மாட்டு

என்பது வள்ளுவர். அறிய அறிய, அதுவரை அறியாதிருந்தது தெரியவருவதைப் போல, நெருங்க நெருங்க அவள் புதிதாகத் தெரிகிறாள் என்று கூடலின் களிப்பில் ஒருவன் சொல்லும் கூற்று. களிப்பான நாட்களுக்கு என்று எழுதப்பட்டதுதான். இருந்தாலும், இதற்கு உண்மையான சோதனை புதுமணத்தில் இல்லை, உங்களைப் போன்றவர்களின் பன்னிரண்டாவது ஆண்டில்தான் என்பேன். அறியாமை தெரியவருவதை இழப்பாக எண்ணாமல் நெருக்கத்தின் அடையாளமாக வைத்தாரே, அது பாஸ்கலுக்குத் தோன்றாமல் போயிற்று. குணங்களைத் தாண்டிய 'நான்' எங்கே என்று அவர் தேடினார். இன்னும் அறிந்து தீராதது என்பதே அதற்கு விடையாக இருக்கலாம்.

சரி, சொல்லலாமா?

சொல்லுங்கள். அவர் உடைவார் என்று அஞ்ச வேண்டாம். பழைய ஆள் இல்லை என்பதை முதலில் சொன்னவரே அவர்தான். அதை நீங்களும் அறிவீர்கள் என்று கேட்பது அவருக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுகளாக எல்லோரும் ஒன்றும் மாறாதது போல நடித்துக்கொண்டிருப்பது தனிமையான விஷயம். ஆனால் கடிதத்தில் எனக்கு எழுதிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. 'பழக்கமா, பரிதாபமா, கடமையா' என்பது நீங்கள் உங்களுக்குள் போட்டுப் பார்த்த கணக்கு, கண்டுபிடித்த முடிவு அல்ல. அதை அப்படியே கொட்டினால் அவர் மூன்றில் மோசமானதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். தூங்கப் போகும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எங்காவது சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது சிலருக்குப் பேச்சு எளிதாக வரும்.

உங்கள் சொற்களில் இப்படி ஏதாவது: "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியா இல்ல. நீங்க மாறியிருக்கீங்கன்னு எனக்கும் தெரியும். பழைய நாட்கள் இல்லாதது எனக்கு வருத்தம்தான், மறைக்கல. ஆனா அந்தப் பழைய நாட்களுக்காக மட்டும் நான் உங்களோட இருக்கல. இப்போ உங்களுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்சுக்கணும்." இதற்கு அவர் உடனே ஒன்றும் சொல்லாமல் போகலாம். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படாதீர்கள். அடுத்த வாரம் அவரிடம் ஏதாவது ஒரு உதவி கேளுங்கள், உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றை. அவர் சரியாகச் செய்யாவிட்டால் பழையபடி கோபப்படவும் செய்யுங்கள்.

இதோடு தத்துவத்துக்கு வெளியே உள்ள ஒன்று. கடுமையான நோய்க்குப் பிறகு மனச்சோர்வு வருவது பரவலாகக் காணப்படுவது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. முன்பு பிடித்தவற்றில் நாட்டமில்லாமை, தூக்கமோ பசியோ மாறிப்போவது, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற பேச்சு இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போல அவர் எப்போதாவது சொன்னால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். சில மருந்துகளும் ஆளை மந்தமாக்கும். என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவருடைய அமைதி முழுவதையும் வாழ்க்கையைப் புரிந்துகொண்ட ஒருவரின் அமைதி என்று நான் மேலே எழுதியதை வைத்து விளக்கிவிட்டால், கவனிக்க வேண்டிய நோயைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஆவோம். அவர் தயங்கினால், "நானும் கூட வரேன், எனக்கும் பேச வேண்டியது இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யும் இல்லை.